ஆளறிந்து நூல் தந்தவர்

படிப்பதற்கு நல்ல புத்தகம் ஒன்று சொல்லுங்கள் என்று யாரேனும் வந்து கேட்டால், நம்மில் பெரும்பாலோர் கேட்டவரைப் பார்ப்பதில்லை. நமக்குப் பிடித்த நூலின் பெயரைச் சொல்லிவிடுகிறோம். வேதாந்தத்தில் ஈடுபட்டவர் உபநிடத விளக்கம் ஒன்றைச் சொல்வார். சரித்திரப் பித்துக் கொண்டவர் சோழர் வரலாற்றைப் படிக்கச் சொல்வார். நாவல் பிரியரோ ஐந்து பாகம் கொண்ட கதையை முதல் பாகத்திலிருந்து எடுத்துக் கொடுப்பார். கேட்டவர் மாடித் தொட்டியில் கத்தரிச் செடி வளர்க்க வழி தேடி வந்தவராக இருப்பார்! வாங்கிச் சென்ற நூல் இரண்டு வாரம் கழித்து, மடிப்புக் கலையாமல் அலமாரிக்குத் திரும்பும். அந்த வாசகர் திரும்புவதில்லை.

இன்ன ஆளுக்கு இன்ன நூல் என்று அறிந்து கொடுப்பதையே தம் வாழ்நாள் பணியாகக் கொண்டு, அதனை ஒரு சாத்திரமாகவும் வகுத்தவர் ஒரு தமிழர். நம்மைப் போலவே பிழைப்பின் பொருட்டுத் தமிழகம் விட்டு வடநாட்டில் வாழ்ந்தவர். இந்திய நூலக இயலின் தந்தை என்று உலகம் போற்றும் டாக்டர் எஸ். ஆர். ரங்கநாதன் அவர்களே அவர்.

தஞ்சை மாவட்டத்துச் சீர்காழியில் 1892ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அவர் பிறந்தார். தந்தையார் ராமாமிருத ஐயர் சிறிது நிலம் உடையவர். இராமாயணக் கதையை அன்பர்களுக்குச் சொல்லி மகிழ்ந்தவர். மகனுக்கு ஆறு வயது ஆகும்போதே அவர் மறைந்தார். சீர்காழிப் பள்ளியில் படிப்பை முடித்த ரங்கநாதன் சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1916இல் கணிதத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றார். அங்கே அவருக்கு வாய்த்த கணிதப் பேராசிரியர் எட்வர்ட் ராஸ் என்பவர். இந்தப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் மீண்டும் வருவார். ரங்கநாதனுக்குப் பேசுகையில் நாத் திக்கும் குறை இருந்தது. அதனை வென்று ஆசிரியத் தொழிலில் புகுந்து, மங்களூரிலும் கோவையிலும் பின்பு சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணிதம் கற்பித்தார்.

அக்காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகம் தனக்கென ஒரு நூலகரைத் தேடியது. விண்ணப்பம் செய்தோர் ஏறத்தாழ 900 பேர். ஒருவருக்கேனும் நூலகப் பயிற்சி இல்லை. கல்லூரி ஆசிரியருக்குக் கிடைத்ததைவிட நூலகர் சம்பளம் மிகுதி என்பதால் நண்பர்கள் தூண்ட, ரங்கநாதனும் அரை மனத்துடன் விண்ணப்பித்தார். நேர்காணலுக்குச் சில நாள் முன்பு பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்தில் நூலகம் பற்றிய கட்டுரையைப் படித்தார். அத்துறையில் அவருக்கு இருந்த அறிவெல்லாம் அவ்வளவே. ஆயினும் வேலை அவருக்கே கிடைத்தது. 1924 ஜனவரி 4ஆம் நாள் பொறுப்பை ஏற்றார்.

ஏற்ற சில நாட்களிலேயே அவருக்கு மனம் ஒடிந்தது. மாணவர் கூட்டத்தின் நடுவே வாழ்ந்தவருக்கு ஆள் அரவமற்ற அறையும், தீண்டுவாரற்ற நூல்களும் சிறைக்கூடமாகத் தோன்றின. பழைய கல்லூரிக்கே ஓடி, தம் பழைய இடத்தைத் தரவேண்டும் என்று முதல்வரிடம் மன்றாடினார். முதல்வர் விவேகி. முதலில் லண்டன் சென்று நூலகப் பயிற்சி பெற்று வாரும். அதன் பிறகும் விருப்பம் இல்லையாயின் உமது நாற்காலி இங்கே காத்திருக்கும் என்று தேற்றி அனுப்பினார். அந்த நாற்காலிக்கு ரங்கநாதன் திரும்பவே இல்லை.

லண்டனில் அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் பெர்விக் சேயர்ஸ். இவர் குரோய்டன் நகர நூலகத்தின் தலைவர். வகுப்பறைப் பாடத்தைவிட ரங்கநாதனைக் கவர்ந்தது கண்ணெதிரே கண்ட காட்சியே. நூறு நூலகங்களுக்கு மேல் அவர் சுற்றிப் பார்த்தார். தொழிலாளரும், இல்லத்தரசியரும், சிறுவர் சிறுமியரும் உரிமையோடு உள்ளே வந்து தமக்கு வேண்டிய நூலைப் பெற்றுச் செல்வதைக் கண்டார். சென்னையிலே தாம் விட்டுவந்த அறையை எண்ணிப் பார்த்தார். நூல் இருந்து பயன் என்ன, ஆள் வரவில்லையே என்ற ஏக்கம் அங்கே பிறந்தது.

இன்னொன்றும் அங்கே பிறந்தது. லண்டன் கடை ஒன்றில் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பெட்டியைக் கண்டார். துளையிட்ட தகடுகளும் திருகாணிகளும் கொண்ட பெட்டி அது. அதே துண்டுகளைக் கொண்டு வேண்டியபோது வண்டியும், வேண்டாதபோது அதைப் பிரித்துப் பாலமும் கட்டலாம். நூல்களின் பொருளையும் இவ்வாறே துண்டு துண்டாகப் பிரித்துச் சேர்க்கலாமே என்று அவருக்குப் பளிச்சிட்டது. நெற்பயிரைத் தாக்கும் நோயைத் தஞ்சை வட்டாரத்தில் இன்ன காலத்தில் ஆராய்ந்த நூல் ஒன்று உண்டென்று வைத்துக்கொள்வோம். பயிர் ஒரு துண்டு, நோய் ஒரு துண்டு, ஊர் ஒரு துண்டு, காலம் ஒரு துண்டு. அவற்றை இணைக்கும் திருகாணியாக அவர் முக்காற்புள்ளி என்னும் குறியை வைத்தார். கோலன் பகுப்பு முறை என்று பெயர் பெற்றது இதுவே. 1925இல் தாயகம் திரும்பும் கப்பலிலேயே, அங்கிருந்த சிறு நூலகத்தின் புத்தகங்களை வைத்து இதனைச் சோதிக்கத் தொடங்கிவிட்டார். நூலாக வெளிவந்தது 1933இல்.

இம்முறை கடினமானது என்பதை மறைப்பதற்கில்லை. 1960க்குள் ஆறு பதிப்புகள் கண்டது. பதிப்புக்குப் பதிப்பு அவர் திருத்தியதால் பின்பற்றிய நூலகர்கள் திண்டாடினர். உலகில் இன்றும் மிகுதியாக வழங்குவது அமெரிக்கரான டூயி அவர்களின் பத்துக்கூறு முறையே. ஆனால் ஒரு பொருளைப் பல முகங்களாகப் பிரித்துப் பார்க்கும் ரங்கநாதனின் வழியை அறிஞர் உலகம் ஏற்றுக்கொண்டது.

இனி ராஸ் அவர்களிடம் வருவோம். 1928ஆம் ஆண்டு. நூலகப் பணியின் அடிப்படை விதிகள் எவை என்று ரங்கநாதன் நெடுநாள் மூளையைக் கசக்கிக்கொண்டிருந்தார். கணிதம் படித்தவர் அல்லவா? நூற்றுக்கணக்கான நடைமுறைகளுக்கு அடியில் சில எளிய விதிகளேனும் இருந்தாக வேண்டும் என்பது அவர் உறுதி. ஒருநாள் மாலை, நூலகத்திற்கு வந்த பழைய ஆசிரியரிடம் இத்துன்பத்தைச் சொன்னார். புத்தகம் இருப்பது பயன்படுத்துவதற்காகவே என்பதுதானே உன் முதல் விதி என்று ராஸ் போகிற போக்கில் சொல்லிவிட்டுச் சென்றார். அடைத்திருந்த மடை திறந்தது. வாசகர் ஒவ்வொருவருக்கும் உரிய நூலைத் தேடித் தரவேண்டும், நூல் ஒவ்வொன்றுக்கும் உரிய வாசகரைத் தேடித் தரவேண்டும், வாசகரின் நேரத்தை வீணாக்கலாகாது, நூலகம் வளரும் உயிர் போன்றது என ஏனைய நான்கும் தொடர்ந்து வந்தன. இவ்வைந்து விதிகளையும் விரித்து அவர் எழுதிய ஆங்கில நூலைச் சென்னை நூலகச் சங்கம் 1931இல் வெளியிட்டது. பி. எஸ். சிவசாமி ஐயர் அதற்கு முன்னுரை வழங்கினார். இரண்டாம் விதியை விளக்கும் இடத்தில் பெண்களுக்கும், நாட்டுப்புறத்தாருக்கும், பார்வையற்றோருக்கும், கப்பலில் உழைப்போருக்கும் நூல் பெறும் உரிமை உண்டு என்று வாதிடுகிறார். 1931இல் இப்படி எழுதுவதற்குத் துணிவு வேண்டும்.

விதி வகுப்பது எளிது. நூலுக்கும் ஆளுக்கும் முடிச்சுப் போடுவது எப்படி? ரங்கநாதன் இரண்டு வழிகளைக் கையாண்டார்.

முதல் வழி அலமாரி. பூட்டிய கதவுக்குப் பின்னே நூலை வைத்து, சீட்டு எழுதிக் கொடுத்தால் எடுத்து வரும் பழைய முறையை மாற்றி, வாசகரே அலமாரியின் அருகில் செல்ல வழி செய்தார். அங்கே நூல்கள் நிற்கும் வரிசையே ஒரு பரிந்துரை ஆகவேண்டும் என்பது அவர் எண்ணம். கிரகண காலத்தில் நடுவே கருநிழலும், அதன் இருபுறமும் மங்கிய நிழலும், அதற்கு அப்பால் ஒளியும் இருப்பதை நாம் அறிவோம். அதுபோல வாசகர் தேடி வந்த பொருளின் நூல்கள் நடுவில் அமையவேண்டும். அதனை அடுத்து நெருங்கிய உறவுள்ள நூல்களும், அப்பால் தூரத்து உறவுள்ளவையும் இருபுறமும் நிற்க வேண்டும். ஒரு நூலைத் தேடி வந்தவர், தாம் பெயரே கேட்டறியாத மற்றொரு நூலோடு வீடு திரும்புவார். ஒருவரும் வாய் திறவாமலே நிகழும் சிபாரிசு இது!

இரண்டாம் வழி ஆள். வாசகருக்குத் துணை நிற்பதையே நூலகத்தின் தலையாய பணியாக அவர் கருதினார். 1940ஆம் ஆண்டு வாக்கில் இது பற்றித் தனி நூலே எழுதினார். சில கேள்விகளுக்கு நொடியில் விடை கூறலாம். ஓர் அகராதியோ ஆண்டுக் குறிப்போ போதும். வேறு சிலவற்றுக்கு நாள் கணக்கில் உடனிருந்து தேட வேண்டும். இவ்விரண்டையும் அவர் பிரித்துக் காட்டினார். வாசகர் முதலில் கேட்பது அவருக்கு உண்மையில் வேண்டியதாக இராது என்பது இத்துறையின் பாலபாடம். கணிதப் புத்தகம் கேட்கும் சிறுவனுக்குத் தேவைப்படுவது தேர்வு வழிகாட்டியா, புதிர்க் கணக்கா, ராமானுஜன் வாழ்க்கையா என்பது இரண்டு வார்த்தை அன்பாகப் பேசினால் அன்றித் தெரியாது.

நம் குடியிருப்புக் குடும்பங்களுக்கு இந்த இடம் மிக நெருக்கமானது. நம் பிள்ளைகள் பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் படிக்கிறார்கள். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்போரே பலர். அவர்கள் கையில் எடுத்த எடுப்பில் இலக்கிய உரையைத் திணித்துவிட்டு, தமிழில் பற்று இல்லை என்று குறைப்பட்டுக்கொள்கிறோம். பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்குப் பறவைகளில் விருப்பமா, சமையலில் விருப்பமா, விண்வெளியில் விருப்பமா என்று கேட்டவர் எத்தனை பேர்? சங்கத்து நூலகக் குறிப்பேட்டில் அன்பர்கள் எழுதும் பரிந்துரைகளில் நூலின் பெயரும் ஆசிரியர் பெயரும் இருக்கின்றன. யாருக்கு ஏற்றது என்னும் குறிப்பு மட்டும் இருப்பதில்லை. அந்த ஒரு வரியைச் சேர்த்தெழுத இடம் விட்டால் ரங்கநாதனின் மூன்றாம் விதியைச் செலவின்றி நடைமுறையில் கொண்டுவந்தவர்கள் ஆவோம்.

நகரத்தோடு அவர் நின்றுவிடவில்லை. 1931இல் மன்னார்குடிப் பகுதியில் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டு செல்லும் ஏற்பாடு தொடங்கியது. அது அவருடைய இயக்கத்தின் பயனே. அவர் பல்லாண்டு வாதாடிய பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இவ்வகைச் சட்டம் அதுவே முதல். அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் அவினாசிலிங்கம் செட்டியார். சொத்து வரியோடு நூலக வரி சேர்ந்ததால், ஊர்ப்புற நூலகங்கள் நன்கொடையாளரை நம்பி நிற்கும் நிலை மாறியது.

இச்சட்டம் வந்தபோது ரங்கநாதன் சென்னையில் இல்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த நூலகத்தை விட்டு, டாக்டர் இராதாகிருஷ்ணன் அழைப்பை ஏற்று 1945இல் காசி இந்துப் பல்கலைக்கழகம் சென்றார். அங்கே ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களைப் பதினெட்டு மாதங்களில் தாமே வகைப்படுத்தினார் என்பது நம்புதற்கரிய செய்தி. 1947இல் டில்லிப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் சர் மாரிஸ் குவையர் அவரை வரவழைத்தார். ஐம்பத்தைந்து வயதில் மற்றவர் ஓய்வை நாட, அவர் புது ஊரில் புதுத் துறை ஒன்றை உருவாக்கி, நூலக இயலில் பட்ட வகுப்புகளை ஏற்படுத்தினார்.

அவரது அன்றாட வாழ்க்கை துறவியின் வாழ்க்கையை ஒத்தது. கதராடை, எளிய சைவ உணவு, பெரும்பாலும் வெறுங்கால். விடுமுறை எடுப்பது என்பதே அவர் அறியாதது. உடன் உழைத்தோர் பாடு எளிதாக இருந்திராது என்றே தோன்றுகிறது. முதல் மனைவியார் ருக்மிணி அம்மையார் 1928இல் ஒரு விபத்தில் காலமானார். அடுத்த ஆண்டு மணந்த சாரதா அம்மையாரே அதன் பின்னர் வீட்டுச் சுமை முழுவதையும் தாங்கினார். 1956இல் ரங்கநாதன் தம் வாழ்நாள் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு அளித்து நூலக இயல் பேராசிரியர் பதவி ஒன்றை நிறுவச் செய்தார். அப்பதவிக்கு வைத்த பெயர் தம் பெயர் அன்று. சாரதா ரங்கநாதன் என்னும் பெயர்.

1957இல் பத்மஸ்ரீ விருதும், 1965இல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர் என்னும் சிறப்பும் அவரை நாடி வந்தன. இறுதிக் காலத்தைப் பெங்களூரில் கழித்தார். 1962இல் அங்கே ஆவணப் பயிற்சி ஆய்வு மையத்தை ஏற்படுத்தினார். பழைய கணிதக் காதலும் விடவில்லை. 1967இல் கணித மேதை ராமானுஜன் பற்றி ஒரு நூல் எழுதினார். 1972 செப்டம்பர் 27ஆம் நாள் பெங்களூரில் அவர் உயிர் நீத்தார். ஆகஸ்ட் 12ஆம் நாளை நாடெங்கும் நூலகர் தினமாகக் கொண்டாடுவது அவர் நினைவாகவே.