துடைப்பம் திறந்த கதவு

முற்றம் பெருக்கும்படி அம்மா சொன்னால் நம்மில் பலருக்கு முகம் வாடிவிடுகிறது. படிக்கிற பெண்ணுக்குத் துடைப்பம் எதற்கு என்று எண்ணுகிறோம். ஆனால், முற்றம் பெருக்கக் கற்றதனாலேயே கல்விக் கதவு திறக்கப் பெற்றவர் ஒருவர் உண்டு. அவர்தான் அமெரிக்கக் கறுப்பின மக்களின் கல்விக்காக வாழ்ந்த புக்கர் டி. வாஷிங்டன்.

இவர் 1856ஆம் ஆண்டு வர்ஜீனியா மாநிலத்தில் ஓர் அடிமைத் தாயின் மகனாகப் பிறந்தார். தாயார் ஜேன், பண்ணையின் சமையற்காரி. மண் தரைக் குடிசையில் கந்தல் துணியே படுக்கை. முற்றம் பெருக்குவதும், வயலில் உழைப்போருக்குத் தண்ணீர் சுமப்பதும் சிறுவனின் வேலை. எசமானர் மகளின் புத்தகங்களைப் பள்ளி வாசல்வரை சுமந்து செல்வான். அடிமைக்கு உள்ளே இடமில்லை!

1865இல் விடுதலை கிடைத்தது. குடும்பம் மேற்கு வர்ஜீனியாவிலுள்ள மால்டன் என்னும் ஊருக்குச் சென்றது. உப்புக் காய்ச்சும் ஆலையிலும் நிலக்கரிச் சுரங்கத்திலும் உழைத்தபின், ஆலை உரிமையாளரின் மனைவியான வயோலா ரஃப்னர் அம்மையாரிடம் புக்கர் வேலைக்குச் சேர்ந்தார். மாதச் சம்பளம் 5 டாலர். அம்மையார் மிகுந்த கண்டிப்புடையவர். அவரிடம் எந்தப் பையனும் சில வாரங்களுக்கு மேல் நிலைத்ததில்லை. முற்றத்தில் குப்பை இருக்கலாகாது. வேலி பழுதானால் உடனே சரிசெய்ய வேண்டும். எதையும் காலத்தோடு, ஒழுங்காக, உண்மையாகச் செய்ய வேண்டும். நடுக்கத்துடன் சென்ற புக்கர், மெல்ல மெல்ல அந்த ஒழுங்கை விரும்பத் தொடங்கினார்.

அடிமையாக இருந்தபோதும் அவர் பெருக்கியது முற்றம்தான், இங்கும் முற்றம்தான். வேறுபாடு என்ன? அங்கே கூலியுமில்லை, கற்பிப்பாருமில்லை. இங்கே கூலியும் கிடைத்தது. வேலையைச் செம்மையாகச் செய்யக் கற்றுத்தர ஒருவரும் இருந்தார். குளிர்காலத்தில் நாள்தோறும் ஒரு மணி நேரம் பள்ளி செல்லவும் அம்மையார் அனுமதித்தார்.

1872இல், ஹாம்ப்டன் என்னுமிடத்தில் இருந்த பள்ளியில் சேர, ஏறத்தாழ 500 மைல் தொலைவை நடந்தும் வண்டிகளில் ஏறியும் கடந்தார் புக்கர். வழியில் நடைபாதைப் பலகைகளுக்கு அடியிலும் உறங்கினார். அழுக்கு உடையுடன் வந்து நின்றவரைச் சேர்த்துக்கொள்ளத் தலைமை ஆசிரியை தயங்கினார். பின்னர், ஓர் அறையைப் பெருக்கும்படி கூறினார். புக்கர் மூன்று முறை பெருக்கினார்; நான்கு முறை தூசி துடைத்தார். ஆசிரியை தம் கைக்குட்டையால் தேய்த்துப் பார்த்தார். ஒரு துளித் தூசியுமில்லை! அதுவே அவர் எழுதிய நுழைவுத் தேர்வு.

1881ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள், அலபாமா மாநிலம் டஸ்கீகியில் சுமார் 30 மாணவர்களுடன் ஒரு பள்ளியைத் தொடங்கினார். புதர் மண்டிய நிலத்தைத் திருத்த வேண்டியிருந்தது. படிக்க வந்த நாங்கள் காடு வெட்டுவதா என்று மாணவர்கள் முணுமுணுத்தனர். ஆசிரியர் தாமே கோடரியை ஏந்தி முன்னே நடந்தார். மாணவர்கள் வெட்கித் தொடர்ந்தனர். பின்னாளில் தாங்களே செங்கல் சுட்டுப் பள்ளிக் கட்டடங்களையும் எழுப்பினர்.

இன உரிமைக்காக அவர் இன்னும் உரக்கக் குரல் கொடுத்திருக்க வேண்டும் என்று குறை கூறியோரும் உண்டு. எனினும் 1915இல் அவர் மறைந்தபோது, அந்தச் சிறு பள்ளி நூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் கொண்ட பெரும் கல்விக் கூடமாக வளர்ந்திருந்தது.

எங்கள் வகுப்பின் முறை வரும்போது, வராந்தாவின் மூலைகளை விட்டுவிட்டு நானும் பெருக்கியதுண்டு. இவரது வரலாற்றைப் படித்தபின் அது என் மனத்தை உறுத்துகிறது. பெருக்குவது இழிவன்று, பெருக்குபவரை இழிவாக எண்ணுவதே இழிவு. ஆகவே தோழியரே, துடைப்பத்தை மகிழ்வோடு எடுப்போம். மூலைகளையும் விடாது பெருக்குவோம்!