வாட்ஸ்அப் இல்லை, ஊர்க்காரங்க இல்லை... 18 வயதில் தனியாக அமெரிக்கா போன ஆனந்திபாய்!

வெளிநாட்டுக்குப் படிக்கப் போறவங்க பெட்டியைப் பார்த்திருக்கீங்களா? பருப்புப்பொடி, ஊறுகாய், குட்டி குக்கர், ரெண்டு ஸ்வெட்டர். ஏர்போர்ட்ல இறங்கினதும் அம்மாவுக்கு வீடியோ கால். முதல் வாரத்துலயே தமிழ் மாணவர்கள் வாட்ஸ்அப் குரூப். இவ்வளவும் இருந்தும், முதல் குளிர்காலத்துல ரூம் கதவைச் சாத்திக்கிட்டு அழாதவங்க குறைவுதான்.

இது எதுவுமே இல்லாத 1883-ல், 18 வயசுல, கணவர்கூட துணைக்கு வராம, கப்பலேறி அமெரிக்காவுக்குப் படிக்கப் போனவர் ஆனந்திபாய் ஜோஷி. அங்கே மருத்துவப் பட்டம் வாங்கிய முதல் இந்தியப் பெண். 2018-ல் கூகுள் அவருக்கு டூடுல் போட்டப்போ, நம்மில் பலர் அந்தப் பேரை முதல் தடவையா கேள்விப்பட்டிருப்போம். 'முதல் பெண் டாக்டர்' என்ற ஒற்றை வரிக்குப் பின்னால, வெளிநாடு போற ஒவ்வொருத்தரும் சந்திக்கிற ஒரு கேள்வி இருக்கு. எதை மாத்திக்கிறது, எதை விட்டுக்கொடுக்காம இருக்கிறது?

பத்து நாள் வாழ்ந்த குழந்தை

மும்பைக்குப் பக்கத்துல இருக்கிற கல்யாண் ஊரில், 1865 மார்ச் 31-ல் பிறந்தார். பெற்றோர் வைத்த பேர் யமுனா. 9 வயசுல கல்யாணம். மாப்பிள்ளை கோபால்ராவ் ஜோஷி, தபால் துறை ஊழியர், மனைவியை இழந்தவர், அவரைவிட ஏறக்குறைய 20 வயசு பெரியவர். 'ஆனந்தி' என்ற பேர் அவர் வெச்சதுதான்.

கோபால்ராவ் விசித்திரமான மனுஷன். பெண்டாட்டி படிச்சா அடிக்கிற அந்தக் காலத்துல, படிக்காம அடுப்படியில நின்னா அடிச்சவர். படிப்புக்காகன்னாலும் அடி அடிதானே! ஆனந்தியின் வாழ்க்கையில் ஆதரவும் வலியும் ஒரே ஆள்கிட்ட இருந்துதான் வந்தது.

14 வயசுல ஆனந்திக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. சரியான மருத்துவம் கிடைக்காம பத்தே நாள்ல இறந்துபோச்சு. ஆண் டாக்டர்கிட்ட போகக் கூச்சப்பட்டே எத்தனையோ பெண்கள் வைத்தியம் இல்லாம இருந்த காலம் அது. நானே டாக்டராகணும் என்ற எண்ணம் அந்த இழப்பிலிருந்துதான் வந்தது.

பல் டாக்டரிடம் காத்திருந்த நேரத்தில்...

மனைவியை அமெரிக்காவில் படிக்க வைக்க உதவி கேட்டு, வைல்டர் என்ற அமெரிக்க மிஷனரிக்கு கோபால்ராவ் கடிதம் எழுதினார். கிறிஸ்தவத்துக்கு மாறினா உதவி கிடைக்கும் என்ற மாதிரி பதில் வந்தது. தம்பதி சம்மதிக்கலை. ஆனா அந்தக் கடிதங்களை வைல்டர் தன் பத்திரிகையில் அச்சிட்டார்.

நியூஜெர்சி மாநிலம் ரோசெல் ஊரைச் சேர்ந்த தியோடிசியா கார்ப்பென்டர் என்ற பெண்மணி, பல் டாக்டரைப் பார்க்கக் காத்திருந்த நேரத்துல அந்தப் பத்திரிகையைப் புரட்டினார். முகம் தெரியாத ஒரு பெண்ணின் படிப்பு ஆசை அவரை என்னவோ செய்தது. உடனே இந்தியாவுக்குக் கடிதம் போட்டார். வாரக்கணக்கில் கடலைத் தாண்டி வந்த கடிதங்கள் வழியா ரெண்டு பேருக்கும் நட்பு வளர்ந்தது. ஆனந்திக்கு அடிக்கடி தலைவலி, காய்ச்சல், மூச்சுத்திணறல்னு தெரிஞ்சதும், அங்கிருந்து மருந்துகூட அனுப்பி வெச்சார்.

அப்போ கோபால்ராவுக்கு வங்காளத்தில் வேலை. கடல் தாண்டினா சாதியிலிருந்து தள்ளிவைப்பாங்க என்ற பேச்சு ஒரு பக்கம். போனா மதம் மாறிடுவாங்க என்ற சந்தேகம் இன்னொரு பக்கம். 1883 பிப்ரவரியில் செராம்பூர் கல்லூரி மண்டபத்துல ஆனந்தியே கூட்டத்தின் முன்னால நின்னு பேசினார். இந்தியப் பெண்களுக்குப் பெண் டாக்டர்கள் ஏன் தேவை என்பதை விளக்கினார். இந்துவாகப் போய் இந்துவாகவே திரும்பி வருவேன் என்று உறுதி கொடுத்தார். அந்தப் பேச்சுக்கு அப்புறம் பல ஊர்களிலிருந்தும் பண உதவி வர ஆரம்பிச்சது.

ஆக, அமெரிக்கா போகும்போதே தலையில் ஒரு பாரம். நம்ம பசங்க கல்விக்கடனோட போறாங்கன்னா, அவர் ஒரு சமூகத்துக்கே கொடுத்த வாக்கோட போனார்.

குளிரும் புடவையும்

ஏப்ரலில் கொல்கத்தாவில் கப்பலேறினவர், ஜூனில் நியூயார்க்கில் இறங்கினார். துறைமுகத்தில் தியோடிசியா காத்திருந்தார். அந்தக் கோடை முழுக்க ரோசெல்லில் அவர் வீட்டிலேயே தங்கினார். காலேஜுக்கு முன்னாடியே ஒரு குடும்பம் கிடைச்சது பெரிய பலம். தியோடிசியாவை ஆன்ட்டி முறை வெச்சுத்தான் கூப்பிட்டார்.

சேர்ந்த இடம், ஃபிலடெல்ஃபியாவில் இருந்த பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரி. பெண்களுக்காகவே 1850-ல் தொடங்கிய காலேஜ். டீன் ரேச்சல் பாட்லி அக்கறையா கவனிச்சுக்கிட்டார். ஆனாலும், தினசரி வாழ்க்கையை ஆனந்திதான் சமாளிக்கணும்.

சாப்பாடு சைவம். இந்தியக் கடை கிடையாது. படிப்புக்கு நடுவுல தானே சமைச்சுக்கணும். தங்கின ரூமில் கணப்பு அடுப்பு சரியில்லை. மூட்டினா புகை, அணைச்சா குளிர். ரெண்டுல ஒண்ணைத் தாங்கித்தான் ஆகணும். மகாராஷ்டிர பாணியில் கட்டுற ஒன்பது கஜப் புடவையில் கெண்டைக்கால் மூடாது. பனி கொட்டுற ஊருக்கு அது எப்படிச் சரிப்படும்?

கவுன் போட்டிருந்தா அங்கே யாரும் தப்பா நினைச்சிருக்க மாட்டாங்க. ஊரில் பேசியிருப்பாங்க. ஆனந்தி நடுவில் ஒரு வழி கண்டுபிடிச்சார். புடவையை விடலை, கட்டுற விதத்தை மட்டும் மாத்தினார். உள்பாவாடையோட கணுக்கால் வரை மூடுற குஜராத்தி பாணிக்கு மாறினார். சின்ன விஷயமா தெரியலாம். ஆனா வாக்கையும் காப்பாத்தணும், உடம்பையும் காப்பாத்தணும் என்ற ரெண்டுக்கும் நடுவுல ஒரு 18 வயசுப் பெண் தனியா யோசிச்சு எடுத்த முடிவு அது.

மூணு பேர், ஒரு போட்டோ

இணையத்தில் அடிக்கடி சுத்துற ஒரு பழைய கறுப்பு வெள்ளை போட்டோ உண்டு. 1885 அக்டோபரில் எடுத்தது. புடவையில் ஆனந்திபாய், ஜப்பானிய கிமோனோவில் கெய் ஒகாமி, சிரியா நாட்டு உடையில் சபாத் இஸ்லாம்பூலி. மூணு பேரும் ஒரே காலேஜ். மூணு பேருக்கும் தாய்மொழி வேற, சாமி வேற, சாப்பாடு வேற. தன் நாட்டிலிருந்து அந்தப் படிப்புக்கு முதலா வந்தவங்க என்பது மட்டும் பொதுவானது. ஊர்க்காரங்க ஒருத்தர்கூட இல்லாத இடத்துல, தன்னை மாதிரியே தூரத்திலிருந்து வந்தவங்க துணையா அமையறது இன்னிக்கும் ஹாஸ்டல்களில் நடக்குறதுதானே?

படிப்பிலும் அவர் வந்த இடத்தை மறைக்கலை. பட்டத்துக்கான ஆய்வேட்டுக்கு எடுத்த தலைப்பே, இந்துக்களின் பிரசவ மருத்துவம். ஆயுர்வேத நூல்களையும் அமெரிக்க மருத்துவப் புத்தகங்களையும் பக்கத்துப் பக்கத்துல வெச்சு எழுதினார்.

1886 மார்ச் 11, பட்டமளிப்பு. அதற்குள் கோபால்ராவும் அமெரிக்கா வந்திருந்தார். இங்கிலாந்திலிருந்து பண்டித ரமாபாய் வந்தார். தியோடிசியாவும் இருந்தார். விக்டோரியா மகாராணியிடமிருந்து வாழ்த்து வந்தது. ஆனந்திக்கு 21 வயசு நிறைய இன்னும் 20 நாள் பாக்கி.

கைக்கு எட்டியது...

கோலாப்பூர் சமஸ்தானம் தன் ஆல்பர்ட் எட்வர்ட் மருத்துவமனையின் பெண்கள் பிரிவுக்கு அவரைப் பொறுப்பாளராக நியமிச்சது. ஆனா உடம்பு ஒத்துழைக்கலை. இருமல், காய்ச்சல், மயக்கம் எல்லாம் அமெரிக்காவிலேயே ஆரம்பிச்சிருந்தது. காசநோய். 1886 கடைசியில் ஊர் திரும்பியவருக்குப் பெரிய வரவேற்பு கிடைச்சது. வேலையில் சேரத்தான் முடியலை. 1887 பிப்ரவரி 26-ல் புனேயில் இறந்தார். வயசு 21.

குளிரும் சாப்பாடும் பிடிவாதமும்தான் அவர் உயிரை எடுத்ததுன்னு சொல்லிட முடியாது. கிளம்பறதுக்கு முன்னாடியே அவர் உடம்பு பலவீனமாத்தான் இருந்தது. காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் கண்டுபிடிச்சதே 1882-ல்தான்; அதைக் குணமாக்குற மருந்து வந்தது 1940-களில். ஆனா, புகைக்கும் குளிருக்கும் நடுவுல கழிந்த இரவுகளும், தானே சமைச்சு தானே சாப்பிட்ட மூணு வருஷமும் அந்த உடம்புக்கு நல்லது செஞ்சிருக்காது. இன்னிக்கு வெளிநாட்டில் காய்ச்சலோட பரீட்சைக்குப் படிச்சுக்கிட்டு, வீடியோ காலில் 'நல்லா இருக்கேம்மா'ன்னு சொல்றவங்க இதை ஒரு நிமிஷம் யோசிக்கலாம். காலேஜ் ஹெல்த் சென்டர் இருக்கு, மருந்து இருக்கு. அவருக்குக் கிடைக்காதது அது.

கோபால்ராவ், மனைவியின் அஸ்தியைத் தியோடிசியாவுக்கு அனுப்பி வெச்சார். நியூயார்க் மாநிலத்தின் போகிப்ஸி ஊரில், தன் குடும்பக் கல்லறை இடத்திலேயே தியோடிசியா அதை வைத்தார். வெள்ளி கிரகத்தில் ஒரு பள்ளத்துக்கு ஜோஷி என்று பேர் வெச்சிருக்காங்க. அது விஞ்ஞானிகள் செய்த மரியாதை. போகிப்ஸியில் இருக்கிற கல், பல் டாக்டரிடம் காத்திருந்தப்போ ஒரு பத்திரிகையைப் புரட்டின ஆன்ட்டி செய்தது.