கடலை எண்ணெயில் ஓடிய இன்ஜினும் குளிரில் உறையும் பயோடீசலும்



நீங்கள் டிராக்டருக்கு ஊற்றும் டீசல், உண்மையில் ஒரு மனிதரின் பெயர். ருடால்ஃப் டீசல் 1858-ல் பாரிஸ் நகரில் ஜெர்மானியப் பெற்றோருக்குப் பிறந்தார். 1870-ல் போர் மூண்டதால் குடும்பம் லண்டனுக்கு இடம்பெயர்ந்தது. 12 வயதில் அவர் படிப்புக்காக ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகருக்கு அனுப்பப்பட்டார். பிறகு மியூனிக்கில் பொறியியல் படித்து, தன் ஆசிரியர் லிண்டேயின் ஐஸ் இயந்திரத் தொழிலில் வேலைக்குச் சேர்ந்தார்.

அன்றைய நீராவி இன்ஜின், எரிபொருளின் வெப்பத்தில் பெரும்பகுதியை வீணாக்கியது. காற்றை மிகவும் இறுக்கினால் சூடேறும், அந்தச் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்ளும் என்று டீசல் கணித்தார். 1893-ல் நடந்த முதல் சோதனையில் அளவுக்கருவி வெடித்துச் சிதறியது. அவர் விடவில்லை. 1897-ல் அவரது 20 குதிரைத்திறன் இன்ஜின், எரிபொருள் ஆற்றலில் சுமார் 26 சதவீதத்தை வேலையாக மாற்றிக் காட்டியது.

1900-ல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் இன்ஜின் கடலை எண்ணெயில் ஓடியது. தாவர எண்ணெய்க்கு எதிர்காலம் உண்டு என்று டீசலும் நம்பினார். ஆனால் கடன் சுமை அவரை அழுத்தியது. 1913 செப்டம்பர் 29 இரவு, இங்கிலாந்து செல்லும் கப்பலிலிருந்து காணாமல் போனார். சில நாட்களில் அவரது உடல் கடலில் கிடைத்தது.

இன்று தாவர எண்ணெயுடன் மெத்தனால் சேர்த்து, கிளிசரினைப் பிரித்துப் பயோடீசல் தயாரிக்கிறார்கள். இதன் பலவீனம் குளிர். மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைவதைப் பார்த்திருப்பீர்கள்; அதே கதைதான். பாமாயில் பயோடீசல் 15 டிகிரி செல்சியஸ் அருகிலேயே கலங்கிவிடும். சோயா பயோடீசல் 0 டிகிரி அருகில் கலங்கும். ஐரோப்பாவில் விளையும் ரேப்சீடு எண்ணெயின் பயோடீசல் அதற்கும் சற்றுக் கீழே தாங்கும். மெழுகுத் துகள்கள் ஃபில்டரை அடைத்தால், கிளம்பிய வண்டி பாதி வழியில் நின்றுவிடும். இன்ஜினில் பழுது இருக்காது. எண்ணெய்தான் அதற்குப் போய்ச் சேராது.

குளிர் நாடுகளில் பயோடீசலின் பங்கைக் குறைத்து, குளிர்கால டீசலுடன் கலக்கிறார்கள். டாங்க்குக்கும் ஃபில்டருக்கும் ஹீட்டர் பொருத்துகிறார்கள். ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதி விவசாயிகள் கவனிக்க வேண்டியவை:

• பயோடீசல் வாங்கும்போது எந்த எண்ணெயில் தயாரித்தது என்று கேளுங்கள்.
• சிறிதளவை கண்ணாடி பாட்டிலில் ஊற்றி, இரவு முழுதும் வெளியே வையுங்கள். காலையில் கலங்கியிருந்தால் டீசலின் அளவைக் கூட்டுங்கள்.
• உறைவதற்கு முன்பே கலந்துவிடுங்கள்.
• வண்டியைக் கொட்டகைக்குள் நிறுத்தி, மாற்று ஃபில்டர் ஒன்றைக் கையில் வைத்திருங்கள்.
• டாங்க்குக்கு அடியில் ஒருபோதும் தீ மூட்டாதீர்கள்.