'அசுரன்' பார்த்தீங்களா? அந்தப் பஞ்சமி நிலத்துக்குப் பின்னால் ஒரு செங்கல்பட்டு கலெக்டர் இருக்கிறார்!

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், மன்றாட்டு ஜெபம் நேரத்தில் காஸா, உக்ரைன், மணிப்பூர் என்று ஊர்ப்பெயர்கள் வரிசையாக வருவதைக் கேட்டிருப்பீர்கள். சமாதானமும் நீதியும் வேண்டும் என்று எல்லோரும் கண்ணை மூடிக்கொள்வோம். ஆமென் சொன்னதும் செல்போனை எடுப்போம். அப்புறம் பிரியாணிதான்!

ஜெபம் பண்ணினால் மட்டும் என்ன மாறிவிடும் என்று உங்களுக்கும் ஒருமுறையாவது தோன்றியிருக்கும். தப்பில்லை. அந்தக் கேள்வியோடு 1891-ம் வருஷத்துச் செங்கல்பட்டுக்கு ஒரு ரவுண்டு போய்விட்டு வரலாம், வாங்க.

யார் இந்த ட்ரெமென்ஹீர்?

ஜேம்ஸ் ஹென்றி ஆப்பர்லி ட்ரெமென்ஹீர். வாயில் நுழையக் கஷ்டப்படும் பெயர்தான். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிக் குடும்பப்பெயர் அது. 1853-ல் பிறந்தவர், மெட்ராஸ் மாகாணத்துக்கு சிவில் சர்வீஸ் அதிகாரியாக வந்தார். 1891-ல் செங்கல்பட்டு ஜில்லாவின் பொறுப்பு கலெக்டர்.

அப்போது செங்கல்பட்டு ஜில்லா என்பது திருவள்ளூர், காஞ்சிபுரம், மாமல்லபுரக் கடற்கரை எல்லாம் சேர்ந்த பெரிய பரப்பு. ஈ.சி.ஆர் கிடையாது, ரிசார்ட் கிடையாது. கலெக்டர் ஆபீஸ்கூட செங்கல்பட்டில் இல்லை, சைதாப்பேட்டையில் இருந்தது.

தரிசு இருந்தது, கொடுக்கத்தான் மனசில்லை

சட்டப்படி பார்த்தால் இந்தியாவில் அடிமைமுறை 1843-லேயே முடிந்துபோன கதை. ஆனால் சேரிகளில் நடந்தது வேறு. கல்யாணச் செலவுக்குக் கொஞ்சம் பணம் கடன் வாங்குவார்கள். பதிலுக்குப் பண்ணையில் வேலை செய்வதாக ஒரு சீட்டில் கைநாட்டு வைப்பார்கள். கடன் அடையாது. அப்பாவுக்குப் பிறகு மகன் அதே பண்ணைக்குப் போவான்.

சரி, தரிசு நிலத்தை அரசிடம் கேட்டு வாங்கிப் பயிர் செய்யலாமே என்று கேட்பீர்கள். கேட்கலாம். அதற்கு தர்காஸ்து என்று பெயர். ஆனால் ஊர் நிலத்தின் மேல் பரம்பரை உரிமை கொண்டாடிய மிராசுதாருக்குத்தான் முதல் வாய்ப்பு. சேரிக்காரர் மனு போட்டது தெரிந்ததும், அதே நிலம் எனக்கு வேண்டும் என்று மிராசுதார் சொல்லிவிடலாம். அதோடு போகாது. அந்த மனிதர் குடியிருக்கும் குடிசை நிற்கும் மனையும் பெரும்பாலும் மிராசுதாருடையதுதான். நிலம் கேட்டால் வீடும் போய்விடும் என்ற பயத்தில் யார் மனு போடுவார்கள்?

ஜெபம் மனுவான கதை

இதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் இரண்டு பாதிரியார்கள் இருந்தார்கள். செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ, திருவள்ளூரில் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கௌடி. ஏழைகளுக்காக ஜெபிப்பது அவர்கள் வேலை. ஆனால் அதோடு அவர்கள் நிறுத்தவில்லை. நிலம் கொடுங்கள் என்று அரசுக்கு எழுதினார்கள், பத்திரிகைகளிலும் எழுதினார்கள். மதம் மாற்றத்தான் இந்த அக்கறை என்று மிராசுதார்கள் குற்றம் சாட்டினார்கள். மதம் பரப்பும் ஆசை அவர்களுக்கு இல்லாமல் இல்லை. அதற்காக அவர்கள் சொன்ன கஷ்டம் பொய்யாகிவிடுமா?

தமிழில் ஒரு அழகு கவனித்திருக்கிறீர்களா? கடவுளிடம் வேண்டுவதற்கும் விண்ணப்பம் என்றுதான் பெயர், தாலுகா ஆபீஸில் கொடுக்கும் பேப்பருக்கும் விண்ணப்பம்தான். அந்த இருவரும் முதல் விண்ணப்பத்தோடு இரண்டாவதையும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

ஆனால் விண்ணப்பத்தைப் படித்துப் பார்க்க ஒரு அதிகாரி வேண்டுமே. அந்த இடத்தில்தான் ட்ரெமென்ஹீர் வருகிறார். பறையர் மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எப்படிப்பட்ட வீட்டில் இருக்கிறார்கள், எவ்வளவு கடன், யாரிடம் கடன் என்று விவரம் சேர்த்தார். 1891 அக்டோபரில் செங்கல்பட்டு பறையர்கள் பற்றிய அறிக்கையை அரசுக்கு அனுப்பினார். பயிர் செய்ய நிலம், குடியிருக்கும் மனையில் உரிமை, பிள்ளைகளுக்குப் பள்ளி. அவர் கேட்டதன் சாரம் இதுதான்.

மேலதிகாரிகள் எல்லோரும் கை தட்டவில்லை. நிலைமை அவ்வளவு மோசமில்லை என்று வாதாடியவர்களும் உண்டு. அவர் சொன்ன எல்லாவற்றையும் அரசு ஏற்கவும் இல்லை. ஆனாலும் 1892 செப்டம்பர் 30-ம் தேதி வருவாய்த்துறை அரசாணை எண் 1010 வந்தது. இன்று நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வதற்கு ஆரம்பம் அதுதான். இப்படி ஒதுக்கப்பட்ட நிலம் மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. முதல் 10 வருஷம் விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே கைமாற்றலாம் என்பது நிபந்தனை.

வெள்ளைக்கார அதிகாரியும் பாதிரியார்களும் மட்டும் கொண்டுவந்த மாற்றம் என்று நினைத்துவிடாதீர்கள். அதே 1891-ல் பறையர் மகாஜன சபையைத் தொடங்கிய இரட்டைமலை சீனிவாசன், இதே செங்கல்பட்டு மண்ணில் பிறந்தவர். 1893-ல் 'பறையன்' பத்திரிகையையும் நடத்தத் தொடங்கினார். அந்த மக்களே குரல் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

காரணையில் மிச்சமிருந்த கணக்கு

ட்ரெமென்ஹீர் 1912-ல் இறந்துபோனார். அவர் கேட்டு வாங்கிக் கொடுத்த நிலங்களில் பெரும்பகுதி நிபந்தனையை மீறிக் கைமாறிப்போனது. மாமல்லபுரம் பக்கத்தில் இருக்கும் காரணை கிராமத்து மக்கள் தங்கள் பஞ்சமி நிலத்தைத் திரும்பக் கேட்டார்கள். 1994 அக்டோபர் 10-ம் தேதி செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூடு. இரண்டு பேர் உயிரிழந்தார்கள். ஒருவர் பெயர் ஜான் தாமஸ், இன்னொருவர் பெயர் ஏழுமலை. இரண்டு பெயரையும் சேர்த்தே சொல்லிப் பாருங்கள். யாருடைய சாமி யார் என்று அந்தத் தோட்டா கேட்கவில்லை.

சரி, நாம என்ன பண்றது?

உங்களுக்கோ வீட்டில் இருப்பவர்களுக்கோ கடற்கரைப் பக்கம் மனை வாங்கும் ஆசை இருக்கலாம். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் தாலுகா ஆபீஸ் பழைய பதிவேட்டில் அந்த நிலம் யாருக்கு, என்ன நிபந்தனையோடு கொடுக்கப்பட்டது என்று பாருங்கள். வில்லங்கச் சான்றிதழ் மட்டும் போதாது. பஞ்சமி நிலத்தை நிபந்தனை மீறி வாங்கினால் அந்த விற்பனை செல்லாது. காசு போவது ஒரு பக்கம், இன்னொருவர் வயிற்றில் அடித்த பாவம் இன்னொரு பக்கம்.

அடுத்த ஞாயிறு சமாதானத்துக்காகக் கண்ணை மூடும்போது காஸாவையும் உக்ரைனையும் தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள். கூடவே காரணையையும் நினையுங்கள். கண்ணைத் திறந்த பிறகு, உங்கள் தெருவில் யாருக்காவது ஒரு மனு எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தால், பேனாவை எடுங்கள். ஆண்ட்ரூவும் கௌடியும் அதைத்தான் செய்தார்கள். யாராவது உங்களிடம் மனுவை நீட்டினால், பொறுமையாகப் படித்துப் பாருங்கள். ட்ரெமென்ஹீர் செய்ததும் அவ்வளவுதான்.