வாளேந்திய கையால் அன்னமிட்ட வள்ளல் – திருமங்கை மன்னன் வைபவம்

உற்சவ காலத்தில் எம்பெருமானைச் சேவித்து வெளிவரும்போது, கோயில் மடைப்பள்ளியிலிருந்து பிரசாதம் பெற்றுப் பசியாறுகிறோம். அந்த ஒரு கவளத்தின் பின்னே எத்தனை பேருடைய உழைப்பும் கவலையும் அடங்கியுள்ளன என்பதை நாம் நினைப்பதில்லை. அடியார்க்கு அன்னமிடுவதையே தம் வாழ்வின் விரதமாகக் கொண்டு, அதற்காகத் தம் நாட்டையும் செல்வத்தையும் நற்பெயரையும் இழக்கத் துணிந்த ஒரு போர்வீரருடைய சரிதத்தை இங்கே சிந்திப்போம்.

சோழ நாட்டில் சீர்காழிக்கு அருகே திருக்குறையலூர் என்னும் ஊரில், கார்த்திகை மாதம் கார்த்திகை நட்சத்திரத்தில் அவதரித்தவர் திருமங்கையாழ்வார். பெற்றோர் இட்ட பெயர் நீலன். இளமையிலேயே வில், வாள், வேல், குதிரையேற்றம் ஆகியவற்றில் தேர்ந்து, சோழ மன்னனுடைய சேனைத் தலைவரானார். பகைவர்க்குக் காலன் போன்றவர் என்பதனால் பரகாலன் என்ற பெயரும் ஏற்பட்டது. அவருடைய வீரத்தை மெச்சிய மன்னன் ஆலிநாட்டை அவருக்கு அளித்தான். திருமங்கை என்னும் ஊரைத் தலைநகராகக் கொண்டு, ஆடல்மா என்ற குதிரையில் ஏறி அவர் அந்நாட்டை ஆண்டு வந்தார்.

காஞ்சிபுரத்துப் பரமேச்சுர விண்ணகரத்தைப் பாடுமிடத்தில் பல்லவ மன்னனுடைய போர் வெற்றிகளை ஆழ்வார் விரிவாகக் குறித்துள்ளார். அத்திருக்கோயிலைக் கட்டுவித்தவன் இரண்டாம் நந்திவர்மன். எனவே ஆழ்வாருடைய காலம் 8-ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர்.

திருவெள்ளக்குளத்தில் வைஷ்ணவ வைத்தியர் ஒருவர் வளர்த்த குமுதவல்லியை மணக்க விரும்பியபோது, அந்த அம்மையார் இரண்டு நிபந்தனைகளை விதித்தார். முதலாவது, பஞ்ச சம்ஸ்காரம் பெற்று வைஷ்ணவராக வேண்டும். இரண்டாவது, ஓராண்டுக் காலம் நாள்தோறும் 1008 அடியார்களுக்குத் ததீயாராதனம் செய்ய வேண்டும். நீலன் திருநறையூர் நம்பியிடம் சம்ஸ்காரம் பெற்றார். அன்னம் படைக்கவும் தொடங்கினார். மனைவியின் வாக்குக்காகத் தொடங்கிய பணி, நாளடைவில் அவருடைய சொந்த உயிர்மூச்சாயிற்று.

ஆனால், நாள்தோறும் 1008 இலை போடுவது எளிதா? அரசனுக்குச் செலுத்த வேண்டிய கப்பப் பணமும் அடுப்பங்கரையிலேயே கரைந்தது. மன்னன் படையனுப்ப, பரகாலன் அதனைப் புறங்கண்டார். பின்னர் அமைச்சனிடம் அகப்பட்டுச் சிறையிலிருந்தபோது, காஞ்சிப் பேரருளாளன் கனவில் தோன்றி வேகவதி ஆற்றங்கரையில் புதையல் இருக்குமிடத்தைக் காட்டியருளினான் என்பது குருபரம்பரை வரலாறு. கப்பம் தீர்ந்தது, மன்னனும் மனம் மாறினான். மீதமிருந்த பொருளும் அன்னமாகவே செலவாயிற்று.

பொருள் முழுதும் தீர்ந்தபின் அவர் வழிப்பறியில் இறங்கினார். அடியேன் பாடசாலையில் பயின்ற நாளில் இவ்விடம் வந்ததும் மனம் கலங்கியதுண்டு. பிறர் பொருளைப் பறித்து அன்னமிடுவது தர்மமாகுமா என்று ஆசிரியரிடம் கேட்டேன். நம் பூர்வாசாரியர்கள் இதனை மறைக்காமல் எழுதி வைத்ததே பெரிய உபதேசம் என்று அவர் விடையளித்தார். நற்செயலில் உறுதி கொண்டவருக்கும் வழி தவறக்கூடும். அவ்வாறு தவறியவரை எம்பெருமான் கைவிடுவதில்லை, திருத்திப் பணிகொள்கிறான் என்பதே அதன் கருத்து.

எம்பெருமான் மணவாளக் கோலத்தில் பிராட்டியோடு திருமணங்கொல்லை வழியே எழுந்தருளினான். ஆழ்வார் ஆபரணங்களையெல்லாம் பறித்தார். கழற்ற முடியாத கால் மோதிரத்தைப் பல்லால் கடித்து எடுத்தார். அந்த மிடுக்கைக் கண்டு உகந்து, எம்பெருமான் அவருக்குக் கலியன் என்று பெயரிட்டான். மூட்டையைத் தூக்கப் பார்த்தார், அது அசையவில்லை. என்ன மந்திரம் செய்தாய் என்று வாளை ஓங்கி மிரட்ட, எம்பெருமான் அவர் செவியில் திருமந்திரத்தை உபதேசித்தான். பொருளைப் பறிக்க வந்தவர் பரம்பொருளையே பெற்றார். இந்த வேடுபறி உற்சவம் ஸ்ரீரங்கத்தில் இராப்பத்து 8-ஆம் நாளிலும், திருநகரியில் பங்குனியிலும் நடைபெறுகிறது.

அதன்பின் அவருடைய வாழ்வு முழுதும் கைங்கர்யமே. வடக்கே பதரிகாச்ரமம் முதல் தெற்கே திருக்குறுங்குடி வரை யாத்திரை செய்து, 80-க்கு மேற்பட்ட திவ்ய தேசங்களைப் பாடினார். பெரிய திருமொழி முதலான அவருடைய 6 பிரபந்தங்களும் நம்மாழ்வாருடைய 4 பிரபந்தங்களுக்கு அங்கங்களாகப் போற்றப்படுகின்றன. ஸ்ரீரங்கத்தில் அவர் செய்த மதில் கைங்கர்யத்துக்குச் சான்றாக ஆலிநாடன் திருவீதி இன்றும் அவர் பெயரால் விளங்குகிறது. மதில் எழும் வழியில் தொண்டரடிப்பொடியாழ்வாருடைய நந்தவனம் குறுக்கிட்டபோது, அதற்கு ஊறு நேராமல் மதிலை விலக்கிக் கட்டினார் என்பர். கோட்டைகளைத் தகர்த்த வீரர், ஒரு துளசிச் செடிக்காகக் கல் மதிலை வளைத்தார்! திருவாய்மொழியைத் திருவரங்கன் கேட்டருளும் அத்யயன உற்சவத்தைத் தொடங்கியவரும் அவரே என்று கோயில் மரபு கூறுகிறது.

ஆழ்வார் 105 பிராயம் இந்நிலவுலகில் எழுந்தருளியிருந்தார் என்பது சம்பிரதாயக் கணக்கு. இறுதிக் காலத்தில் அவர் நாடிவந்த தலம் நம் தென்பாண்டி நாட்டுத் திருக்குறுங்குடி. நம்பியின் திருவடியிலேயே பரமபதம் எய்தினார். சோழ நாட்டில் பிறந்து பாரதம் முழுதும் சுற்றிய அப்பெருமானுடைய திருவரசு, அவ்வூர் வயல்வெளி நடுவே அமைந்துள்ளது. புளியங்குடிப் பக்கத்து அன்பர்கள் தெற்கே யாத்திரை செல்லும்போது, நம்பியைச் சேவித்த பின் அங்கும் சென்று வணங்கி வருதல் வேண்டும்.

அன்பர்களே! எல்லோராலும் 1008 பேருக்கு அன்னமிட இயலாது. உற்சவ நாளில் ஒருபடி அரிசி கொடுக்கலாம், காய் நறுக்கலாம், இலை எடுக்கலாம், வெயிலில் வந்த முதியவருக்கு ஒரு குவளை நீர்மோர் தரலாம். நேர்வழியில் ஈட்டிய பொருளால், இயன்ற அளவு, இடைவிடாமல் செய்வதே ஆழ்வார் உகக்கும் ஆராதனம். வாள் பிடித்த கை அகப்பை பிடித்ததனால் உயர்ந்தது. நம் கையும் அவ்வழியில் உயர எம்பெருமான் திருவருள் புரிவானாக.

திருமங்கையாழ்வார் திருவடிகளே சரணம்.