பால்வீதியின் நடுவைக் கேட்டவர்
நம் சூரியனும் கோடானுகோடி நட்சத்திரங்களும் அடங்கியது பால்வீதி மண்டலம். அதன் நடுப்பகுதியை அடர்ந்த தூசிப் படலம் மறைக்கிறது. சாதாரண டெலஸ்கோப்புக்கு அது தெரியாது. அந்தத் திரைக்கு அப்பாலிருந்து வந்த செய்தியை முதன்முதலில் கேட்டவர் கார்ல் ஜான்ஸ்கி என்ற அமெரிக்க இஞ்சினீயர்.

1905-ல் ஓக்லஹோமாவில் பிறந்த ஜான்ஸ்கி, விஸ்கான்ஸின் சர்வகலாசாலையில் பௌதிகம் படித்தார். இளமையிலேயே சிறுநீரக நோய் அவரைப் பற்றிக்கொண்டது. 1928-ல் பெல் டெலிபோன் ஆராய்ச்சிசாலையில் அமர்ந்தார்.

அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து ரேடியோ மூலம் டெலிபோனில் பேசும்போது குறுக்கிடும் இரைச்சல் எங்கிருந்து வருகிறது? அதைக் கண்டுபிடிப்பதே அவர் வேலை. நியூ ஜெர்ஸியிலுள்ள ஹோம்டெல் என்ற ஊரில் சுமார் 30 மீட்டர் நீளத்துக்கு ஏரியல் அமைத்தார். போர்டு கார் சக்கரங்கள் மீது அது 20 நிமிஷத்துக்கு ஒரு முறை வட்டமிட்டது.

அருகே இடிக்கும் இடியும் தூரத்து இடியும் அதில் பிடிபட்டன. மூன்றாவதாக ஒரு மெல்லிய சீறல் ஓயாமல் கேட்டது. முதலில் சூரியன் மீது சந்தேகம் விழுந்தது. ஆனால் சீறல் தினமும் சுமார் 4 நிமிஷம் முன்னதாகவே உச்சத்தை அடைந்தது. நட்சத்திரங்கள் உதிக்கும் கணக்கும் அதுவே! மாதக்கணக்கில் பொறுமையாகக் குறித்து வந்த ஜான்ஸ்கி, தனுர் ராசித் திசையில் பால்வீதியின் நடுவிலிருந்தே அது வருகிறது என்று 1933-ல் அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 27.

பத்திரிகைகள் முதல் பக்கத்தில் வெளியிட்டன. ரேடியோவில் அந்தச் சீறலை ஜனங்கள் கேட்டு வியந்தார்கள். ஆயினும் பெரிய கிண்ண ஏரியல் ஒன்றைக் கட்டி ஆராய வேண்டும் என்ற அவருடைய ஆசை நிறைவேறவில்லை. டெலிபோன் சம்பந்தமான வேறு வேலைகள் அவருக்குத் தரப்பட்டன. வானசாஸ்திரிகளிலும் அநேகர் அதைப் பொருட்படுத்தவில்லை. 1937-ல் குரோட் ரீபர் என்ற இளைஞர் தம் வீட்டுத் தோட்டத்தில் சொந்தச் செலவில் கிண்ண ஏரியல் கட்டி, அந்த ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். ஜான்ஸ்கி 1950-ல், 44-ம் வயதில் காலமானார்.

அவர் காட்டிய திசை பொய்க்கவில்லை. அங்கே 1974-ல் ஒரு சிறு ரேடியோப் புள்ளி அகப்பட்டது. சூரியனைப் போல் சுமார் 40 லட்சம் மடங்கு கனமுள்ள கருந்துளை அது என்று பின்னர் தெளிவாயிற்று. தமிழரான சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கி 1999-ல் ஏவப்பட்ட சந்திரா டெலஸ்கோப், அதைச் சுற்றிலும் பரவிக் கிடக்கும் எக்ஸ்ரே ஒளியைப் படம் பிடித்தது. ஒரு கோடி டிகிரிக்கு மேல் கொதிக்கும் வாயுவும் அந்த ஒளியை வீசுகிறது. எக்ஸ்ரேயும் ரேடியோவைப் போலவே தூசித் திரையை ஊடுருவி வரும்.

ஆகாயத்திலிருந்து வரும் ரேடியோ அலைகளின் வலிமையை அளக்கும் அலகுக்கு 1973-ல் ஜான்ஸ்கி என்றே பெயரிட்டார்கள். உயிரோடு இருந்தபோது கிட்டாத மரியாதை அது.