டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ்

வில்லியம் ஹால்ஸ் ரிவர்ஸ் ரிவர்ஸ் (மார்ச் 12, 1864 - ஜூன் 4, 1922) இங்கிலாந்தைச் சேர்ந்த மருத்துவரும் உளவியலாளரும் மானிடவியலாளரும் ஆவார். புலனுணர்வை ஆய்வுக்கூடத்துக்கு வெளியே, மக்கள் வாழும் இடத்திலேயே அளந்தறிந்த முன்னோடிகளுள் ஒருவர். நீலகிரியில் வாழும் தோடர்களிடம் இவர் நடத்திய ஆய்வு குறிப்பிடத்தக்கது.

வாழ்க்கை

கென்ட் பகுதியில் பிறந்த ரிவர்ஸ், லண்டனில் மருத்துவம் பயின்று 1886 இல் பட்டம் பெற்றார். 1893 முதல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் புலன்களின் உடலியங்கியலைக் கற்பித்தார். 1898 இல் ஹாடன் தலைமையில் டொரெஸ் நீரிணைத் தீவுகளுக்குச் சென்ற ஆய்வுக்குழுவில் இடம்பெற்றார். முதல் உலகப் போரின்போது, அதிர்ச்சியால் மனநலம் குன்றிய படைவீரர்களுக்கு மருத்துவம் செய்தார். கவிஞர் சீக்பிரைட் சசூன் அவர்களுள் ஒருவர்.

நீலகிரி ஆய்வு

பழங்குடியினரின் புலன்கள் ஐரோப்பியரின் புலன்களைவிட மிகக் கூர்மையானவை என்ற கருத்து அக்காலத்தில் பரவியிருந்தது. பயணிகளின் கூற்றுகளே இதற்குப் பெரும்பாலும் சான்றாக இருந்தன. ரிவர்ஸ் இதனைச் சோதனையால் ஆராய முற்பட்டார். டொரெஸ் நீரிணைத் தீவினரின் பார்வைக் கூர்மையில் வியத்தகு மேன்மை எதுவும் காணப்படவில்லை.

1901-02 இல் தோடர்களிடம் இத்தகைய சோதனைகளைத் தொடர்ந்தார். வண்ணக் கம்பளி நூல்களைப் பிரிக்கச் செய்து நிறப்பார்வையை ஆராய்ந்தார். தோட ஆண்களிடையே நிறக்குருடு ஐரோப்பியரிடையே உள்ளதைவிட மிகுதியாகக் காணப்பட்டது.

காட்சி மயக்கப் படங்களையும் பயன்படுத்தினார். முல்லர்-லையர் படத்தில் சம நீளமுள்ள இரு கோடுகள், முனைகளிலுள்ள அம்புக்குறிகளின் திசையால் நீளம் வேறுபட்டவையாகத் தோன்றும். இதில் தோடர்கள் ஆங்கிலேயரைவிடக் குறைவாகவே ஏமாந்தனர். செங்குத்துக் கோடு கிடைக்கோட்டைவிட நீளமாகத் தோன்றும் படத்திலோ மிகுதியாக ஏமாந்தனர். எனவே ஓரினம் எல்லாவற்றிலும் கூரியது அல்லது மந்தமானது என்ற முடிவுக்கு இம்முடிவுகள் இடம் தரவில்லை.

உறவுமுறைகளை அறியக் குடிவழிப் பட்டியல்களைத் திரட்டினார். சடங்கு இரகசியங்களை வெளியிட்ட சிலருக்குத் துன்பங்கள் நேர்ந்தபோது, தோடர்கள் அவற்றைத் தெய்வக் குற்றமாகக் கருதி மேலும் தகவல் தரத் தயங்கினர். இதனையும் ரிவர்ஸ் தம் நூலில் மறைக்காமல் பதிவு செய்துள்ளார். 'தி தோடாஸ்' என்னும் அந்நூல் 1906 இல் வெளியானது.

மதிப்பீடு

புலன்களில் மிகுந்த ஆற்றல் செலவிடப்பட்டால் அறிவு வளர்ச்சி குன்றும் என்று ரிவர்ஸ் டொரெஸ் நீரிணை அறிக்கையில் எழுதினார். அவருடைய சோதனைகள் சிந்தனைத் திறனை அளக்கவில்லை. ஆகையால் இக்கருத்துக்கு அவற்றில் ஆதாரமில்லை. எனினும் அளவீடுகள் பயன்பட்டன. சீகல், காம்பெல், ஹெர்ஸ்கோவிட்ஸ் ஆகியோர் பல சமூகங்களில் இத்தகைய படங்களைக் கொண்டு ஆராய்ந்து, 1966 இல் வெளியிட்ட நூலில் வேறுபாடுகளுக்கு வாழும் சூழலைக் காரணமாகக் காட்டினர். இவ்விளக்கம் இன்றும் விவாதத்துக்குரியது.